ருபியெலாவும் இரண்டு தொரொரோய்களும்

ருபியெலா மருலாந்தாவிடம் யாராவது வந்து, "உங்க பண்ணையில என்ன விசேஷம்?" என்று கேட்டால் அவள் சொல்லும் பதில் பல வருஷங்களாக ஒன்றுதான்: "பாலாடைக்கட்டி, பனிமூட்டம், அப்புறம் எங்க அண்ணன் கோபம்." மூன்றும் அந்த மலைச்சரிவில் குறைவில்லாமல் கிடைத்தன. தொலிமா பக்கத்து மத்திய மலைத்தொடரில், மெழுகுப்பனைகளுக்கு நடுவே மேய்ச்சல் நிலம் விரியும் உயரத்தில், அண்ணனும் தங்கையுமாக இரண்டே பேர் குடியிருந்தார்கள். அண்ணன் ஹில்தார்தோ மாடு கறப்பார். தங்கை பாலை உறையவிட்டு, பிழிந்து, கட்டியாக்கி, சனிக்கிழமை ஜீப்பில் சந்தைக்கு அனுப்புவாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் செய்துகொண்டார். அந்த அம்மாள் குளிர் தாங்காமல் சமவெளிக்கு இறங்கிப் போய்விட்டாள். அதைப் பற்றி வீட்டில் பேச்சு கிடையாது.

பறவை விவகாரம் சாணியில் ஆரம்பித்தது. மேய்ச்சல் நிலத்தில் காய்ந்த சாணியைப் புரட்டி உடைத்துவிட்டால்தான் அடியில் புல் எழும்பும். அது ருபியெலாவின் காலை வேலை. புரட்டிய இடத்தில் ஈர மண்ணும் புழுவுமாக நெளியும். ஒரு நாள் பார்த்தால், பின்னாலேயே ஒரு பறவை வந்துகொண்டிருந்தது. அவள் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. அதன் பாட்டைப் பிறந்த நாள் முதல் கேட்டவள்தான், ஆனால் அதன் மூஞ்சியை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

தொரொரோய் என்ற அந்தப் பறவைக் குடும்பமே அப்படி. வால் இருக்கிறதா என்று தேட வேண்டும். முட்டைக்கு நெட்டைக்கால் முளைத்தது போலத் தரையிலேயே திரியும். இறக்கை இருந்தும் நடப்பதில்தான் அதற்குப் பிரியம். புதருக்குள் நின்று கூவினால் அடுத்த சரிவுக்குக் கேட்கும், ஆள் மட்டும் அகப்படாது. இது அந்தக் குடும்பத்தில் கொம்ப்ராபான் என்ற வகை. அதன் மூன்று சுரக் கூவல் 'ரொட்டி வாங்கு' என்று சொல்வதாக ஊரார் வைத்த பெயர் அது. செம்பழுப்புத் தலை, வெள்ளை வயிறு நெடுகக் கரிக்கோடு இழுத்தது போன்ற வரிகள். ருபியெலா ஒரு புழுவை எறிந்தாள். அது எடுத்துக்கொண்டது. மறுநாளும் வந்தது. கோயில் மணியடிக்கும் எவாரிஸ்தோ இப்படித்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்று நின்று நடப்பார். அவர் பெயரையே பறவைக்கு வைத்துவிட்டாள். மனிதருக்கு இது தெரியவந்து ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

நாளடைவில் முறை படிந்தது. புழுக்களை ஓடைத் தண்ணீரில் அலசித் தகர டப்பாவில் போட்டுக்கொள்வாள். ருவானா என்கிற சிவப்புக் கம்பளிப் போர்வையைத் தோளில் மாட்டுவாள். டப்பாவை விரலால் தட்டி, ஒரு சீட்டி. எவாரிஸ்தோ வேலியடியிலிருந்து தத்தித் தத்தி வரும். அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு ஒருத்தர் மேலும் கோபம் இருக்காது. பண்ணையில் வேறு எந்த நேரத்தைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடியாது.

இப்படியே போயிருக்கும், தூபெர்னேய் வந்திருக்காவிட்டால். கீழ் ஊரில் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வழி காட்டும் ஆள். மோட்டார் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு வெல்லத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன், டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடைப் பள்ளத்தின் பக்கம் காதைத் திருப்பினான். மேய்ச்சல் நிலத்தின் நடுவே கத்தியால் கீறினது போல இறங்கும் பள்ளம் அது. மலைமூங்கிலும் பழைய மரங்களும் அடர்ந்து, வீட்டுக்குக் குடிதண்ணீர் அங்கிருந்துதான் வந்தது.

"அக்கா, உள்ள கத்துதே, அது என்னன்னு தெரியுமா?"

"கொம்ப்ராபான். வேற என்ன?"

"இல்லக்கா. அதோட சித்தப்பன் மகன். மில்லெர் தொரொரோய்."

மூங்கிலுக்குள் படுத்துக்கிடந்து அன்றைக்கு இருவரும் அதைக் கண்டார்கள். எவாரிஸ்தோவைவிட ஒரு பிடி சிறியது. முதுகெல்லாம் பழுப்பு, தொண்டையும் வயிறும் வெளுப்பு, மார்பின் குறுக்கே பழுப்பாக ஒரு பட்டை. அலங்காரம் அவ்வளவுதான்.

"ஒரு ஜாடையும் இல்லையே!" என்றாள் ருபியெலா.

"எனக்கும் என் சித்தப்பன் மகனுக்கும்கூடத்தான் இல்ல. காலைப் பாருங்க, நிக்கிற தோரணையைப் பாருங்க, ஒரே குடும்பம்."

அன்று மதியம் பீன்ஸும் அரேப்பா என்ற சோள ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டே தூபெர்னேய் இரண்டு பறவைகளின் கதையையும் சொன்னான். கொம்ப்ராபான் வெனிசுவேலாவிலிருந்து பெரு வரை மலை நெடுக இருக்கிறது. காட்டை வெட்டினால் வேலியோரம், வேலியும் போனால் உருளைக்கிழங்குத் தோட்டத்து விளிம்பு, எதுவானாலும் அதற்குச் சம்மதம். மில்லெர் அப்படியல்ல. உலகத்திலேயே இந்த மத்திய மலைத்தொடரின் சில துண்டுகளில்தான் இருக்கிறது. அதற்குப் புதரடர்ந்த ஈரக் காடு வேண்டும், மேலே நிழல் வேண்டும். போன நூற்றாண்டில் ஐம்பது வருஷம்போல யார் கண்ணிலும் படாமல், போய்விட்டது என்றே எழுதிவைத்திருந்தார்களாம். பிறகு மறுபடி அகப்பட்டது. உலகப் பட்டியலில் முன்பு அதை 'ஆபத்தில் இருப்பது' என்று வைத்திருந்தார்கள். இன்னும் சில இடங்களில் தென்பட்ட பிறகு ஒரு படி இறக்கி, 'அழிவுக்கு இலக்காகக்கூடியது' என்று மாற்றினார்கள்.

ஹில்தார்தோ மென்றுகொண்டே கேட்டார். "கொம்ப்ராபானுக்கு என்ன போட்டிருக்கான்?"

"கவலை குறைவான இனம்னு."

"எனக்கும் அதையே போட்டுக்கச் சொல்லு. என்னை மாதிரி ஆளு இந்த மலை பூரா இருக்கான். ஒருத்தனும் கவலைப்படல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் தட்டை நகர்த்திய கையை ருபியெலா பார்க்கவில்லை. விரல் மூட்டுகள் கொய்யாக்காய் போல வீங்கியிருந்தன. விடியற்காலைக் குளிரில் மாட்டு மடியைப் பிடிக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வார். அந்த வருஷம் அவகாடோ கம்பெனியின் ஆள் ஒருவர் வந்து போயிருந்தார். மொத்த நிலத்தையும் குத்தகைக்கு எடுத்துக்கொள்வார்கள், மாட்டை விற்றுவிட்டு வீட்டில் உட்காரலாம். ஆனால் பள்ளத்தையும் வெட்டி நிரவிக் கொடுத்தால்தான் உண்டு, நடுவில் காடு நின்றால் வேண்டாம் என்றார்கள். ஹில்தார்தோ அரிவாளைத் தீட்டி வைத்துவிட்டார். ருபியெலா தண்ணீர் போய்விடும் என்று சண்டை போட்டாள். குழாய் வரும் என்றார் அவர். நிலம் இருவருக்கும் பொது. இருவருக்கும் பிடிவாதமும் பொது.

கடைசியில் வழி சொன்னது தூபெர்னேய்தான். மண்டலச் சுற்றுச்சூழல் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டால் ஆள் வருவார்கள். மில்லெர் இருப்பதை அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டால் பள்ளத்தைக் காப்புக்காடாகப் பதிந்துகொள்வார்கள். காதால் கேட்டது செல்லாது, சீட்டியடித்து ஏமாற்றியவர்கள் உண்டு.

"சரி," என்றார் ஹில்தார்தோ. "அவங்க கண்ணால பார்த்தா நான் அரிவாளைத் தொடமாட்டேன். பார்க்கலைன்னா, ஈஸ்டர் முடிஞ்ச மறுநாள் பள்ளம் காலி. இடையில அழுகை, ஒப்பாரி ஒண்ணும் கூடாது."

"நீ வாக்கு மாறமாட்டியே?"

"நான் எப்ப மாறியிருக்கேன், சொல்லு."

அவளால் ஓர் உதாரணமும் சொல்ல முடியவில்லை. அதனால் இன்னும் எரிச்சல் வந்தது.

தவக்காலத்தின் கடைசிச் சனிக்கிழமை வருவதாகச் செய்தி வந்தது. அதற்குள் மில்லெரைப் பழக்க வேண்டும். ருபியெலா விடியும்போதே பள்ளத்தில் இறங்கி, மூங்கிலடியில் ஒரு சின்ன இடத்தைக் கூட்டிச் சுத்தமாக்கி, புழுவைத் துண்டாக்கி வைத்தாள். பழக்க தோஷம், டப்பாவைத் தட்டினாள், சீட்டியடித்தாள். அவள் செய்த தவறு அதுதான். பல வருஷமாக எவாரிஸ்தோவை அழைத்த அதே தட்டு, அதே சீட்டி. மில்லெர் இரண்டே வாரத்தில் அதைக் கற்றுக்கொண்டது. மூங்கிலை விட்டு வெளியே வந்து, அவள் காலடிக்கு ஒரு கை தூரத்தில் புழுவை எடுத்துப்போனது. அவள் ஆனந்தப்பட்டு முடிப்பதற்குள், சத்தம் கேட்டு மேய்ச்சல் நிலத்திலிருந்து எவாரிஸ்தோ இறங்கி வந்துவிட்டது. வந்ததும் நெஞ்சை நிமிர்த்தி மில்லெரைத் துரத்தியது, மிச்சப் புழுவையும் சாப்பிட்டது, அப்புறம் இன்னும் கிடைக்குமா என்று ருபியெலாவை அண்ணாந்து பார்த்தது.

மறுநாளும் அதே கதை. எவாரிஸ்தோ வந்துபோன நாளில் மில்லெர் திரும்பத் தலைகாட்டுவதே இல்லை. இனி வேறு சத்தத்துக்கு மில்லெரைப் பழக்க நாள் போதாது. மேலேயே எவாரிஸ்தோவுக்கு வயிறு நிறையப் போட்டுவிட்டு இறங்கிப் பார்த்தாள். அதற்கு வயிறு நிறைவது என்ற பழக்கமே இல்லை.

ஒரு நாள் ஆத்திரத்தில் மண்கட்டியை எடுத்து அதன்மேல் எறிந்தாள். எவாரிஸ்தோ ஓரடி ஒதுங்கியது. பிறகு திரும்பி வந்து அந்த மண்கட்டியைக் கொத்தி உடைத்து, உள்ளே புழு இருக்கிறதா என்று தேடியது. அவள் கையிலிருந்து கெட்டது எதுவும் வரும் என்று அதற்குத் தெரியவில்லை. ருபியெலா ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதாள். ஐம்பத்து நாலு வயதில் ஒரு பறவைக்காக அழுவது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

தூபெர்னேய்க்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையாகவே படவில்லை. "கோழிக்கூடையைப் போட்டுக் கவுத்திருவோம்க்கா. ஒரு காலைப் பொழுதுதானே."

"தலையை மோதிக்கிட்டே செத்துப்போயிரும்."

"போனா ஆயிரம் இருக்கு. மில்லெர் போனா?"

"ஆயிரம் இருக்கலாம் தம்பி. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்."

அவன் சொன்னதிலும் தப்பில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் உறுத்தியது.

ஆக, யாராவது மேலே நின்று, அவள் பள்ளத்தில் இருக்கும் நேரம் முழுக்க எவாரிஸ்தோவுக்குப் புழு போட்டு நிறுத்திவைக்க வேண்டும். சனிக்கிழமை விடிகாலையில் அக்கம்பக்கம் முழுவதும் சந்தை ஜீப்பில் போயிருக்கும். தூபெர்னேய் வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு பள்ளத்தில் இருப்பான். மிச்சம் ஒரே ஆள்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், அண்ணன் சூப்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட அபூர்வ நேரம் பார்த்து ஆரம்பித்தாள்.

"அண்ணே, ஒரு உதவி."

"உன் குரல் இவ்வளவு இனிமையா வந்தா எனக்கு வயித்தைக் கலக்குது. சொல்லு."

சொன்னாள். ஹில்தார்தோ கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான் தோக்கறதுக்கு நானே உட்கார்ந்து புழு எடுத்துப் போடணும். அதானே?"

"வேற ஆள் இல்ல."

"நான் ஒரு நிமிஷம் மூக்கைச் சிந்தப் போனாப் போதும், உன் ஆளு கீழ வந்து எல்லாத்தையும் கெடுத்துரும். அதுவும் தெரியுமில்ல?"

"தெரியும்."

"என்னை நம்பறியா?"

ருபியெலா உண்மையைச் சொன்னாள். "முழுசா இல்ல."

ஹில்தார்தோ சிரித்துவிட்டார். "அதையாவது நேரா சொன்னியே. சரி, நான் கூப்பிட்டா அது வருமா? என் மீசையைப் பார்த்து மாடே பயப்படும்."

"என் ருவானாவைப் போட்டுக்க. தொப்பியையும். அதுக்கு முகம் தெரியாது, சிவப்புதான் தெரியும்னு நினைக்கிறேன்."

"இந்த வயசுல எனக்குப் பொம்பளை வேஷமா? வெளிய யாருக்காவது தெரிஞ்சுது, பள்ளத்தோட உன்னையும் சேர்த்து வெட்டிருவேன்."

அதுதான் அவர் சம்மதம் சொல்லும் விதம்.

சனிக்கிழமை விடியும் முன்பே அலுவலகத்திலிருந்து ஒரு பெண்ணும் ஓர் ஆணும் வந்துவிட்டார்கள். பறவை இரை தேடும் நேரமும் மாடு கறக்கும் நேரமும் ஒன்று, அதனால் அன்று மாடுகள் மடி கனத்துக் காத்திருந்தன. பனிமூட்டத்தில் அண்ணன் சிவப்பு ருவானாவுடன் வேலியோரம் போவதைப் பார்த்தபோது ருபியெலாவுக்குச் சிரிப்பு வந்தது. பள்ளத்தில் இறங்கி டப்பாவை எடுத்தபோதுதான் சிரிப்பு நின்றது. அவள் உடம்பில் பழுப்பு நிறப் பழைய கம்பளி இருந்தது. மில்லெரும் அவளைச் சிவப்பில்தான் பார்த்திருக்கிறது. அதை அவள் யோசிக்கவே இல்லை.

தட்டினாள். சீட்டியடித்தாள். மூங்கில் அசையவில்லை. அலுவலகத்துப் பெண் தொலைநோக்கியைப் பிடித்தபடி முழங்காலிட்டிருந்தாள். கூட வந்தவர் கொட்டாவி விட்டார். தூபெர்னேய் நகத்தைக் கடித்தான். மேலே எவாரிஸ்தோ ஒரு தடவை கூவியது. பிறகு சத்தமில்லை. கூவல் நின்றால் அது இறங்கி வருகிறது என்று அர்த்தம், அவளுக்கு அப்படித்தான் பட்டது. விட்டுவிட்டார், பாவி மனுஷன் விட்டுவிட்டார் என்று மனசுக்குள் அண்ணனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். மனைவி ஓடிப்போனதைக்கூட அந்தத் திட்டில் விடவில்லை. இன்னொரு தடவை தட்டினாள். நேரம் போனது. இனி வெளிச்சம் ஏறிவிடும், அப்புறம் மூங்கிலுக்குள்ளிருந்து எதுவும் வராது. அம்மா குடித்து வளர்ந்த தண்ணீர், ஈஸ்டருக்கு மறுநாள் வெறும் மண்.

அப்போது அலுவலகத்துப் பெண்ணின் விரல் ருபியெலாவின் முழங்கையைத் தொட்டது. மூங்கில் வேருக்கடியில் பழுப்பாக ஒன்று நின்றது. மார்புப் பட்டையை மூச்சு ஏற்றி இறக்கியது. பழுப்புக் கம்பளியை ஒரு தடவை பார்த்தது, டப்பாவைப் பார்த்தது. நெட்டைக்காலால் மூன்று தத்து தத்தி வந்து புழுவை எடுத்தது. விழுங்கவில்லை. இன்னொன்றையும் அலகில் சேர்த்துக்கொண்டு உள்ளே போனது. அதற்கு அப்பால் இன்னொரு மில்லெர் வெளியே தலையை நீட்டியது.

"ரெண்டு," என்று அந்தப் பெண் மூச்சு விடுவது போலச் சொன்னாள். "தீனி எடுத்துப்போகுது. உள்ள கூடு இருக்கு."

கூட வந்தவர் படம் எடுத்துவிட்டார். தூபெர்னேய் வானத்தைப் பார்த்துச் சிலுவை போட்டான். அவர்கள் இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்று நின்றார்கள். ருபியெலா டப்பாவை அவனிடம் கொடுத்துவிட்டு, மூச்சிரைக்க மேலே ஏறினாள். எவாரிஸ்தோ ஏன் வரவில்லை என்பது இப்போது அவளைப் பயமுறுத்தியது. அண்ணன் கோபக்காரர். அவர் கையில் கல் இருந்தால்?

வேலியோரத்தில் அவர் இல்லை. மேய்ச்சல் நிலத்தின் நடுவே இருந்தார். மண்டியிட்டு, சிவப்பு ருவானா சாணியில் புரள, வெறும் கையால் ஒவ்வொரு சாணியாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் கொடுத்திருந்த இன்னொரு டப்பா எங்கோ காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. வீங்கிய விரல்கள் புழுவைக் கிள்ளி எடுக்க முடியாமல் நழுவவிட்டன. மறுபடி கிள்ளினார். ஒரு கை தூரத்தில் எவாரிஸ்தோ நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டு, சீக்கிரம் ஆகட்டும் என்பது போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பார்த்தாங்களா?" என்றார், திரும்பாமல்.

"பார்த்தாங்க. ரெண்டு. கூடு இருக்காம்."

"ம்." கிள்ளிய புழுவை எறிந்தார். "அப்ப பள்ளம் நிக்கும்."

அவளுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். "விட்டிருக்கலாமே அண்ணே. டப்பா காலியாயிருச்சுன்னு சொல்லியிருந்தா நான் என்ன கேக்கப்போறேன்?"

"விடலாம்னுதான் உட்கார்ந்தேன்," என்றார் ஹில்தார்தோ. "பொய் சொல்லல. டப்பா காலியானதும் சரி, போ ராசான்னு சொன்னேன். போகல. இந்தத் துணியைப் பார்த்துக்கிட்டே நின்னுச்சு. நான்தான் நீன்னு நினைச்சுக்கிட்டிருக்கு அந்த முட்டாள். உன் வேஷத்தைப் போட்டுக்கிட்டு அதை எப்படி ஏமாத்தறது?"

ருபியெலா அவர் கையைப் பிடித்தாள். சாணியும் மண்ணுமாக, பனியில் விறைத்து, விரல்கள் மடங்க மறுத்தன. குத்தகை இல்லாமல் போனால் இந்தக் கைதான் நாளையும் மறுநாளும் மடியைப் பிடிக்க வேண்டும் என்பது அப்போதுதான் அவள் மனசில் ஏறியது. பள்ளத்தைப் பற்றி மாதக்கணக்கில் சண்டை போட்டவள் இதை ஒரு தடவைகூட எண்ணிப் பார்க்கவில்லை. ருவானாவின் ஓரத்தால் அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

தொழுவத்தில் மாடுகள் கதறின.

"நீ எந்திரிக்காதே," என்றாள். "இன்னைக்கு நான் கறக்கறேன்."

"இன்னைக்கு மட்டுமா?"

"இல்ல," என்றாள் ருபியெலா. எழுந்து, பால் வாளியை எடுக்கப் போனாள்.